25 மணி நேர நாட்கள்: பார்சிலோனாவிலிருந்து ஃப்ளோரிடாவுக்குக் கப்பலில்

அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் ஐரோப்பியத் துறைமுகங்களிலிருந்து சுற்றுலாக் கப்பல்கள் ஒவ்வொன்றாக அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கப் பக்கம் போய்விடும். கோடை முழுக்க மத்தியதரைக் கடலில் சுற்றிய கப்பல்களுக்குக் குளிர்காலத்தில் அங்கே கூட்டம் கிடைக்காது. கரீபியன் தீவுகளுக்குத்தான் அப்போது கிராக்கி. ஏப்ரல் வாக்கில் திரும்பி வரும். காலியாக ஓட்டிக்கொண்டு போவதற்குப் பதில், இந்த ஒருவழிப் பயணத்துக்கும் பயணிகளை ஏற்றிக்கொள்கிறார்கள். ரீபொசிஷனிங் க்ரூஸ் என்று தேடினால் கிடைக்கும். துறைமுகங்கள் குறைவு, கடல் நாட்கள் அதிகம் என்பதால் ஊர் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் இதை எடுப்பதில்லை. அதனாலேயே விலையும் குறைவு. உள் அறை என்றால் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 100 டாலருக்குக் கீழேயே பல சமயம் கிடைக்கும். அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மாலையில் பாட்டு, நாடகம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

எங்கள் மகள் ஃப்ளோரிடாவில் இருக்கிறாள். விமானத்தில் போனால் இங்கிருந்து கிட்டத்தட்ட ஒரு முழு நாள். போய் இறங்கிய பிறகு பத்து நாளைக்குப் பகலில் தூக்கமும் இரவில் விழிப்புமாகவே கழியும். இருவரும் ஓய்வு பெற்றாயிற்று, அவசரம் ஒன்றும் இல்லை. "பார்சிலோனா வரைக்கும் பறந்துட்டு, அங்கிருந்து கப்பல்ல போனா என்ன?" என்று என் கணவர்தான் முதலில் கேட்டார். இவர் நாகப்பட்டினத்துக்காரர். கப்பல் என்றாலே இவருக்குத் தனி ஆசை. அதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

சரி, முதலில் காகித வேலை. நம் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு விசாவும் கையில் இருக்க வேண்டும். ஸ்பெயினில் ஏறுவதால், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா. அமெரிக்காவில் இறங்குவதால் பி1/பி2 என்ற வருகையாளர் விசா. அமெரிக்க விசாவைப் பார்சிலோனாவில் கப்பல் ஏறும்போதே கேட்டுப் பார்ப்பார்கள். அது இல்லையென்றால் ஏற முடியாது. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம். அமெரிக்காவுக்கு ஒருவழியில் போகிறோம் என்பதால், ஊர் திரும்பும் விமான டிக்கெட்டை அச்செடுத்துத் தனி உறையில் வைத்துக்கொண்டோம். ஃப்ளோரிடாவில் அதிகாரி முதலில் கேட்டது அதைத்தான்.

காப்பீட்டைப் பற்றி இன்னொரு வார்த்தை. விசாவுக்காக எடுக்கும் காப்பீடு ஐரோப்பாவோடு நின்றுவிடும். நடுக்கடலில் உடம்பு முடியாமல் போனால் அது உதவாது. கப்பலில் மருத்துவர், நர்ஸ், சிறு மருத்துவமனை எல்லாம் உண்டு. ஆனால் கட்டணம் தனி, அதுவும் டாலரில். கரையிலிருந்து சில நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் ஹெலிகாப்டராலும் வந்து போக முடியாது. ஆகவே கப்பல் பயணத்தையும் அவசர வெளியேற்றத்தையும் சேர்த்த காப்பீடாகப் பார்த்து எடுங்கள். இவருக்குச் சர்க்கரை, எனக்கு ரத்த அழுத்தம். மாத்திரைகளைப் பயண நாட்களுக்கு மேல் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக வாங்கி, மருந்துச் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொண்டோம். பெரிய பெட்டியைத் துறைமுக வாசலிலேயே வாங்கிக்கொண்டு, சாயங்காலம்தான் அறைக்கு அனுப்புகிறார்கள். அதுவரை கைப்பைதான் துணை.

அறை தேர்ந்தெடுப்பதுதான் இந்தப் பயணத்தில் மிக முக்கியமான முடிவு என்று நினைக்கிறேன். கொடைக்கானல் பஸ்ஸில் பாதி வழியிலேயே எனக்குக் குமட்டிவிடும். அதனால் இதற்காக நிறைய நேரம் செலவிட்டோம். கப்பலின் நடுப்பகுதியில், முடிந்தவரை கீழ்த்தளத்தில் இருக்கும் அறையில் ஆட்டம் மிகக் குறைவு. முன்முனையும் பின்முனையும் ஏறி இறங்கும். மேலே போகப் போகப் பக்கவாட்டு அசைவு கூடும். பால்கனி அறைகள் பெரும்பாலும் மேல்தளங்களில்தான் இருக்கும் என்பதால் இங்கே ஒன்றை விட்டால்தான் இன்னொன்று கிடைக்கும். நாங்கள் நடுத்தளத்தில், நடுவில், பால்கனியோடு எடுத்தோம். குறுகிய பயணமாக இருந்தால் பால்கனிக்குக் காசு கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கரையே தெரியாமல் ஒரு வாரம் போகும் பயணத்தில் அந்தப் பணம் வீணாகாது.

திசையையும் பார்க்க வேண்டும். மேற்கு நோக்கிப் போகும் கப்பலில் இடப்பக்கம் தெற்கைப் பார்த்திருக்கும். நவம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நாள் முழுக்க வெயில் இடப்பக்கத்துக்குத்தான். வலப்பக்கம் நிழல். எங்களுக்கு இளவெயில் பிடிக்கும், இடப்பக்கம் எடுத்தோம். இன்னொன்று, தளப் படத்தை விரித்து வைத்து உங்கள் அறைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல் குளத் தளம் இருந்தால் விடிகாலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே நடனக் கூடம் இருந்தால் நள்ளிரவு வரை தூக்கம் இல்லை. மேலும் கீழும் அறைகளே இருக்கும் தளம் உத்தமம்.

நம் ஊர்க்காரர்கள் பெட்டியில் வைத்துவிடும் சில சாமான்கள் கப்பலில் தடை. மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுட வைக்கும் காயில் எதுவும் கூடாது. பெட்டியைச் சோதித்து எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போது தருவார்கள். ஊதுபத்தி, அகல் விளக்கு, மெழுகுவத்தி எல்லாமே நெருப்பு என்பதால் அவற்றுக்கும் அனுமதி இல்லை. கடலில் தீயைப் போல ஆபத்து வேறில்லை, அதனால் இதில் கண்டிப்பாக இருப்பது நியாயம்தான். நான் சின்ன முருகன் படம் ஒன்றை மட்டும் மேஜைமேல் வைத்து, தினமும் காலையில் கைகூப்பிக்கொண்டேன். சில நிறுவனங்களின் கப்பல்களில் காசு போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் அறை உண்டு, சிலவற்றில் இல்லை. முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதைப் பொறுத்துத்தான் எத்தனை உடுப்பு என்பது. மடித்து வைத்த பட்டுப்புடவை இரண்டு, இவருக்குப் பட்டு வேட்டி சட்டை ஒன்று. சம்பிரதாய உடை போட்டு வர வேண்டிய இரவுகளுக்கு அதுவே போதுமாக இருந்தது. கோட்டும் டையும் வாங்கத் தேவைப்படவில்லை.

பார்சிலோனாவில் லா ராம்ப்லா தெரு கடலைத் தொடும் இடத்தில், உயரமான தூணின்மேல் கொலம்பஸ் சிலை நிற்கிறது. 1888 கண்காட்சிக்காக எழுப்பியது. அதன் அருகிலிருந்தே துறைமுகத்துக்குப் பஸ் கிடைக்கிறது. ஒரு நாள் முன்னதாகவே ஊருக்கு வந்து, பக்கத்திலேயே தங்கிவிட்டோம். கப்பல் புறப்படும் நாளன்று காலையில் வந்து இறங்கும் விமானத்தை நம்பாதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

ஏறியதும் முதல் வேலை பாதுகாப்புப் பயிற்சி. 2012-இல் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்த பிறகு, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ இதை முடித்தாக வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று காட்டுகிறார்கள். சிலர் கையில் குளிர்பானத்தோடு பேசிக்கொண்டே நின்றார்கள். நாங்கள் இருவரும் அறையிலிருந்து அந்த இடத்துக்குப் படிக்கட்டு வழியாகவே ஒருமுறை நடந்து பார்த்துக்கொண்டோம். ஆபத்தில் லிஃப்ட் ஓடாது. என் முழங்காலுக்கு எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஜிப்ரால்டர் நீரிணையை மாலையில் கடந்தோம். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் 14 கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் ஐரோப்பா, மறுபக்கம் ஆப்பிரிக்க மலைகள், இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். அதைத் தாண்டியதும் அட்லாண்டிக். அன்று இரவுதான் கப்பல் ஆடியது. பெரிய புயல் ஒன்றும் இல்லை. எங்கோ வடக்கே அடித்த காற்றின் அலை நீளநீளமாக வந்து சேர்கிறது. கப்பலின் அடியில் இருபுறமும் மீனின் துடுப்புபோல நீட்டும் தகடுகள் உண்டு. அவை பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்குமே தவிர, முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை ஒன்றும் செய்யாது.

எனக்குக் கைகொடுத்தவை இவை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் குமட்டல் வருவதற்கு முன்பே போட்டுக்கொண்டேன். வந்த பிறகு போட்டால் பலன் குறைவு. வயிற்றைக் காலியாக விடவில்லை. கப்பல்காரர்கள் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கொடுத்தார்கள், அதோடு வீட்டிலிருந்து கொண்டுவந்த இஞ்சி மரப்பா. அறைக்குள் முடங்காமல் நடுத்தளத்தின் வெளித் தாழ்வாரத்துக்குப் போய், தொடுவானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் பார்ப்பதும் உடம்பு உணர்வதும் ஒத்துப்போனால் தலைசுற்றல் தணிகிறது. இவர் பக்கத்தில் ஒரு போர்வையோடு உட்கார்ந்து, நான் கேட்காமலேயே பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் மதியத்துக்குள் சரியாகிவிட்டது. அதற்கப்புறம் கரை சேரும் வரை அந்தத் தொல்லை வரவில்லை.

டெனரீஃப் தீவில் ஒரு பகல். ஸ்பெயின் நாட்டிலேயே உயரமான சிகரமான டெய்டே எரிமலை, 3,715 மீட்டர், அங்கேதான் இருக்கிறது. கப்பல்காரர்களின் சுற்றுலா விலை கூடுதலாகத் தெரிந்ததால், நாங்கள் துறைமுக நகரமான சான்டா குரூஸிலிருந்து டிராம் பிடித்து லா லகுனா என்ற பழைய ஊருக்குப் போய், தெருக்களில் நடந்துவிட்டு மதியமே திரும்பினோம். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ஊர் அது. மரச் சன்னல்களும் முற்றங்களுமாக அழகாக இருந்தது. தனியாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, கப்பல் நேரமும் ஊர் நேரமும் ஒன்றுதானா என்பது. கப்பலின் சொந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் போய்விடும். டெனரீஃபுக்கு அப்புறம் அடுத்த கரை ஃப்ளோரிடாதான். நடுவே சுமார் 3,400 கடல் மைல்.

இந்த ஒரு வாரத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கப்பல் 19 நாட் வேகத்தில், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மெதுவாக ஓட்டும் காரின் வேகம்தான். நான்கு பக்கமும் வட்டமாகத் தண்ணீர். வடகிழக்கிலிருந்து வரும் வியாபாரக் காற்று கப்பலுக்குப் பின்னாலிருந்து வீசுவதால், கப்பல் ஓடும்போதும் மேல்தளத்தில் காற்று முகத்தில் அறைவதில்லை. நவம்பரில் வட அட்லாண்டிக் புயல் பூமி என்பதால் கப்பல்கள் இந்தத் தென்வழியைப் பிடிக்கின்றன. 1492 செப்டம்பரில் கொலம்பஸ் பக்கத்துத் தீவான லா கோமேராவிலிருந்து கிளம்பி இதே காற்றைப் பிடித்துத்தான் போனார். அவருக்குக் கரை தெரிய ஐந்து வாரம் ஆயிற்று.

மேற்கே போவதால் கடிகாரத்தைப் பெரும்பாலான இரவுகளில் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். ஸ்பெயினுக்கும் ஃப்ளோரிடாவுக்கும் குளிர்காலத்தில் 6 மணி நேர வித்தியாசம். அதை ஒரே நாளில் விழுங்காமல், இரவுக்கு ஒரு மணி நேரமாகக் கொடுக்கிறார்கள். நாளுக்கு 25 மணி நேரம் என்று ஆகிவிடுகிறது. காலையில் தானாக விழிப்பு வரும், மணியைப் பார்த்தால் ஐந்துதான். படுக்கையிலேயே கிடந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு, தாழ்வாரத்தில் சூரிய உதயத்தைப் பார்க்கப் போவோம். கிழக்கே போகும் ஏப்ரல் பயணத்தில் இது தலைகீழ். பல நாட்களில் ஒரு மணி நேரம் பறிபோகும். பலமுறை கடந்த ஒரு கனடாத் தம்பதி எங்களிடம் சொன்னது, வயதானவர்கள் மேற்கு நோக்கியே போக வேண்டும் என்பதுதான். அனுபவித்த பிறகு நானும் அதையே சொல்கிறேன்.

முதல் கடல் நாளில் இவர் அன்றைய நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பேனாவால் வட்டம் போட ஆரம்பித்தார். ஒன்பதுக்கு உடற்பயிற்சி, பத்துக்குச் சொற்பொழிவு, பதினொன்றுக்கு வினாடி வினா, அப்புறம் நடன வகுப்பு. "என்னங்க, இது ஆபீஸ் டைம்டேபிள் மாதிரி இருக்கே" என்றேன். சிரித்துவிட்டுப் பேனாவை மூடினார். அதன்பின் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நாளுக்கு ஒரே ஒரு நிகழ்ச்சி, அதுவும் இருவருக்கும் பிடித்திருந்தால். காலையில் இரண்டு மணி நேரம் அவரவர் பாட்டுக்கு. மீதி நேரத்துக்குத் திட்டமே கிடையாது.

காலையில் தனித்தனியாக இருப்பது மிகவும் அவசியம் என்று இப்போது தோன்றுகிறது. சின்ன அறை, ஒரு வாரம் வெளியே போக வழியில்லை. எத்தனை வருடம் ஒன்றாக வாழ்ந்திருந்தாலும், நாள் முழுக்க ஒருவர் முகத்தையே ஒருவர் பார்த்திருந்தால் அலுப்பு வரும். நான் நூலகத்தின் சன்னலோரத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பேன். இவர் நடைத் தளத்தில் சுற்றுவார். மதியம் சந்திக்கும்போது ஒருவருக்கொருவர் சொல்ல விஷயம் இருக்கும். ஊரில் எங்கள் பேச்சு எதைப் பற்றி? கேஸ் புக் பண்ணியாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா, வேலைக்காரம்மா வருவாளா மாட்டாளா. கப்பலில் அதில் ஒன்றுக்குமே இடமில்லை.

எனக்கு இதில் பெரிய விடுதலை, "இன்னிக்கு என்ன சமையல்" என்ற கேள்வி இல்லாதது. கல்யாணமான நாளிலிருந்து தினமும் மூன்று வேளை அந்தக் கேள்வியோடுதான் எழுந்திருக்கிறேன். வேலைக்குப் போன காலத்திலும் அப்படித்தான். மலைவாசஸ்தலங்களுக்குப் போனபோதுகூட பால், பிஸ்கட், இவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு என்று மனம் அங்கேயே ஓடும். இந்தக் கப்பலில் மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, காபிக் கோப்பையோடு பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது, அடுத்த வேளையைப் பற்றி யோசிக்காமல் இருக்கிறேன் என்பதை உணர்ந்தேன். ஆண்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். மனைவியை ஓய்வுக்கு அழைத்துப் போவதென்றால், சமையலறையும் பெட்டி கட்டுவதும் ஊர் ஊராய் மாறுவதும் இல்லாத இடமாகப் பாருங்கள். கப்பலில் பெட்டியை ஒருமுறை பிரித்து அலமாரியில் அடுக்கினால் போதும், கடைசி நாள்வரை தொட வேண்டாம்.

தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குக் கேப்டன் ஒலிபெருக்கியில் பேசுவார். கப்பல் இருக்கும் இடம், வேகம், காற்று, கடலின் ஆழம். இவர் ஊரிலிருந்தே பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். அட்சரேகை, தீர்க்கரேகையைக் கேட்டு எழுதி, அட்லாண்டிக்கின்மேல் பென்சிலால் புள்ளி வைப்பார். ஆழம் 5,000 மீட்டர் என்று சொல்வார்கள், அப்புறம் ஒரு நாள் 3,000-க்கு வந்துவிட்டது. கடலுக்கடியில் வடக்கு தெற்காக ஓடும் மலைத்தொடரின் மேலே போய்க்கொண்டிருந்தோம். இதுவரை நான் புவியியல் பாடமாக மட்டுமே அறிந்திருந்த மலை அது. நேர் மேலே நின்று தேநீர் குடித்தேன்.

பாதி தூரம் தாண்டியதும் தண்ணீரின்மேல் மஞ்சள் நிறக் கோடுகள் தெரிய ஆரம்பித்தன. காற்றின் திசையிலேயே வரிசை வரிசையாக மிதக்கும் கடற்பாசி. சர்காஸ்ஸோ கடல். கரையே இல்லாத கடல் உலகில் இது ஒன்றுதான், நான்கு பக்கமும் நீரோட்டங்களே எல்லை. ஐரோப்பிய ஆறுகளிலும் அமெரிக்க ஆறுகளிலும் வாழும் விலாங்கு மீன்கள் முட்டையிட இங்கேதான் வருகின்றன என்பதை, 1920-களில் ஜோஹன்னஸ் ஷ்மிட் என்ற டென்மார்க் விஞ்ஞானி கண்டறிந்து சொன்னார். பல ஆண்டுகள் கப்பல் கப்பலாக அலைந்து, மேலும் மேலும் சிறிய குஞ்சுகள் எங்கே கிடைக்கின்றன என்று தேடிக்கொண்டே போய், இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர். இது கப்பலில் நடந்த சொற்பொழிவில் கேட்டது. நாங்கள் வட்டம் போட்ட நிகழ்ச்சிகளில் மிகச் சிறந்தது அதுதான்.

அன்று மாலை இவர் பால்கனியிலிருந்து, "இங்க வா, சீக்கிரம் வந்து பாரு, கோலா மீன்!" என்று கூப்பிட்டார். கப்பலுக்குப் பயந்து கூட்டமாக எழும்பி, தண்ணீரை ஒட்டியே வெகுதூரம் பறந்து போய் விழுகின்றன. நாகப்பட்டினத்தில் கோலாப் பருவத்தில் சாப்பிட்ட மீன்தான், உயிரோடு பறந்து இவர் பார்த்ததில்லையாம்.

அப்போதுதான் ரஜூலா கப்பலைப் பற்றிச் சொன்னார். 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. நாகையில் கரையை ஒட்டி வராது. தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், படகில்தான் ஆட்களைக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். இவர் பெரியப்பா பினாங்குக்குப் போனபோது, பாயும் தலையணையும் சோற்று மூட்டையுமாகப் படகில் ஏறியதை இவர் கரையில் நின்று பார்த்திருக்கிறார். பெரியப்பா போனது அறையில் அல்ல, மேல்தளத்தில் பாய் விரித்து. பிறகு அவர் ஊர் திரும்பவே இல்லை. இத்தனை வருடத்தில் பெரியப்பா பேர் எங்கள் வீட்டில் எப்போதாவது அடிபட்டிருக்கிறது. அவர் படகில் ஏறும்போது இவருக்குக் கையில் கொடுத்துவிட்டுப் போன நாலணாவைப் பற்றி அன்றுதான் கேட்டேன். இருட்டும் வரை பேசினோம்.

நட்சத்திரம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கப்பலின் மேல்தளம் முழுக்க விளக்குகள், அங்கே ஒன்றும் தெரியாது. முன்பக்கத்தில் மட்டும் இருட்டாக வைத்திருப்பார்கள், கப்பல் ஓட்டும் அறையிலிருந்து பார்ப்பதற்கு வெளிச்சம் இடைஞ்சல் என்பதால். பயணிகளை அங்கே விடுவார்களா என்று வரவேற்பு மேஜையில் கேளுங்கள். எங்களை விட்டார்கள். கார்த்திகை தலைக்கு மேலே, ரோகிணியும் திருவாதிரையும் அதன் பின்னாலேயே. கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரமாவது செல்போனைத் தொடாதீர்கள்.

செல்போன் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஏறியதுமே ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். கடலில் கப்பலின் சொந்த நெட்வொர்க்கோடு போன் தானாக இணைந்துகொண்டால் கட்டணம் எக்கச்சக்கமாக ஏறிவிடும். இணையம் வேண்டுமென்றால் கப்பலின் வைஃபையை வாங்கலாம், அதுவும் மலிவில்லை. நாங்கள் ஒருவர் பெயரில் மட்டும் வாங்கி, சாயங்காலம் மகளுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு அணைத்துவிடுவோம். கணக்குப் போடும்போது இதோடு பணியாளர்களுக்கான தினசரி டிப்ஸையும் சேர்க்க வேண்டும். பல கப்பல்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறும். சிலர் கவுன்டருக்குப் போய் அதை நீக்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பணியாளர்கள் ஆறு முதல் ஒன்பது மாதம்வரை ஒப்பந்தத்தில், வாரத்தின் ஏழு நாளும் வேலை செய்கிறவர்கள். சாப்பாட்டுக் கூடத்தில் தூத்துக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவரைச் சந்தித்தோம். பிறந்து நான்கு மாதமான மகளைப் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் அவர் "அம்மா, சாப்டீங்களா?" என்று கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது.

சைவச் சாப்பாடு கஷ்டமாக இருக்குமோ என்று பயந்திருந்தேன். இரவு உணவுக் கூடத்தில் தலைமைப் பணியாளரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால், மறுநாளைக்கு இந்தியச் சைவம் தனியாகச் செய்து தருகிறார்கள். சமையலறையில் நம் நாட்டவர் நிறையப் பேர் இருக்கிறார்கள். பருப்பு, காய்கறிக் குழம்பு, சப்பாத்தி, சோறு. சாம்பார் ரசம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் தயிர் எப்போதும் உண்டு. கடையில் வாங்கிய ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்றைக் கைப்பையில் கொண்டுபோனேன், அதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை. பஃபேக்குப் போவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் பரவும் நோரோ வைரஸ் வாந்தி பேதிக்கு, கையில் தடவும் சானிடைசரைவிட சோப்பும் தண்ணீரும்தான் நல்லது.

கடைசி இரவு பெட்டிகளைக் கட்டி, அடையாள அட்டை மாட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். மறுநாள் காலைக்கான உடுப்பு, பல் துலக்கும் பிரஷ், மாத்திரை, பாஸ்போர்ட் இவை கையிலேயே இருக்கட்டும். ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகத்தில் விடிகாலையிலேயே கப்பல் கட்டிவிட்டது. கப்பலிலிருந்து ஒரு பழம்கூட எடுத்துக்கொண்டு இறங்கக் கூடாது. மோப்ப நாய் நிற்கும். குறிப்பாகக் கறிவேப்பிலை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அந்த இலையில் தங்கும் என்பதால் நம் ஊரிலிருந்து அதைக் கொண்டுபோக அமெரிக்காவில் அனுமதி இல்லை. ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் 2005-லிருந்து அந்த நோய் இருக்கிறது, அதனால் இதில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மகளுக்காகக் கொண்டுபோன பொடி வகைகளை மறைக்காமல் படிவத்தில் சொன்னோம், பார்த்துவிட்டு விட்டார்கள்.

மகள் வாசலில் காத்திருந்தாள். வழக்கம்போல நாங்கள் சோர்ந்து வருவோம் என்று அன்றைக்கு விடுப்பு எடுத்து, அறையில் திரைச்சீலையெல்லாம் இழுத்து வைத்திருந்தாளாம். "தூங்கணுமாம்மா?" என்று கேட்டாள். காலை ஒன்பது மணி, எங்கள் உடம்புக்கும் காலை ஒன்பது மணிதான். கடைக்குப் போய்க் காய்கறி வாங்கிவந்து, அன்று மதியம் நானே சாம்பார் வைத்தேன். அதைச் செய்ய ஆசையாகவே இருந்தது.